தட்டில் ஒரு காடு

1923 நிலநடுக்கம் டோக்கியோவைச் சிதைத்தது. இடம் தேடிப்போன போன்சாய்க்காரர்கள் 1925இல் ஓமியாவில் ஒரு கிராமத்தையே உருவாக்கினார்கள். அங்கு குடியேறிய கட்டோ குடும்பம், வடக்கே குனாஷிரி தீவிலிருந்து எசோ ஸ்புரூஸ் என்ற ஊசியிலை மரங்களைக் கொண்டுவந்தது. 1945இல் தீவு சோவியத் வசமானது; வழி அடைபட்டது. இனிக் காடு வேணுமெண்டால் நாற்றுகளை நம்பவேண்டியதுதான்.

தனிய நிக்கிற நாற்று வெறும் குச்சி. ஆழமில்லாத தட்டில், உயரமானவற்றை முன்னுக்கும் சின்னவற்றைப் பின்னுக்கும் சேர்த்து நட்டால் தூரம் தெரியும். வருடங்கள் போக வேர்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ளும். சபுரோ கட்டோ (1915–2008) பெயரெடுத்தது இந்தக் காடுகளால்தான்.

போன்சாயைப் பணக்கார வீட்டு அலங்காரம் எண்டு நாங்கள் ஒதுக்கிவிட ஏலாது. போகமுடியாமல்போன தீவின் காட்டைத் தட்டில் வளர்ப்பதற்கும் அலங்காரம் எண்டா பேர்?