ஊசி வழி வந்த நோய்: ஹெபடைடிஸ் சி மரபணு வகைகளும் தோல் தொழில் வட்டாரமும்

ஹெபடைடிஸ் சி என்னும் கல்லீரல் அழற்சியை உண்டாக்கும் வைரஸ் பெயரால் ஒன்றே எனினும் அமைப்பால் ஒன்றன்று. ஏறத்தாழ 9,600 மரபெழுத்துகளைக் கொண்ட ஒற்றை ஆர்.என்.ஏ. இழையாகிய அது, தன்னைத்தானே படியெடுக்கும்போது நேரும் பிழைகளைத் திருத்திக்கொள்ளும் ஆற்றல் அற்றது. ஆதலால் பல நூற்றாண்டுப் பெருக்கத்தில் எட்டுப் பெரும் பிரிவுகளாகக் கிளைத்து நிற்கிறது. இப்பிரிவுகள் மரபணு வகைகள் எனப்படும். ஒரு வகைக்கும் இன்னொரு வகைக்கும் மரபெழுத்தில் 30 விழுக்காடு அளவுக்கு வேறுபாடு உண்டு; ஒவ்வொரு வகைக்குள்ளும் 1ஏ, 1பி, 3ஏ என்றாற்போல் துணை வகைகள் உண்டு. எட்டாம் வகை 2018இல்தான் அறியப்பட்டது. அதுவும் பஞ்சாபிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த நோயாளிகளின் இரத்தத்தில்.

ஹெபடைடிஸ் ஏ, பி ஆகிய இரண்டும் அல்லாத ஒரு காமாலை இரத்தம் ஏற்றிக்கொண்டோரைப் பற்றுகிறது என்று 1970களில் ஹார்வி ஆல்ட்டர் நிறுவினார்; மைக்கேல் ஹவுட்டன் குழுவினர் 1989இல் அவ்வைரஸை இனங்கண்டனர். இவ்விருவரும் சார்லஸ் ரைஸும் 2020ஆம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

ஒவ்வொரு வகைக்கும் தனித்தனி ஆபத்துக் காரணிகள் உண்டா என்ற கேள்விக்கு விடை சற்றுச் சுற்றி வருவது. எந்த வகையானாலும் இரத்தம் இரத்தத்தோடு கலக்கும் வழியன்றி உடலுக்குள் புகுவது அரிது. அவ்வகையில் எட்டுக்கும் காரணிகள் ஒன்றே. ஆயினும் எந்த நாட்டில், எந்தக் காலத்தில், எந்த ஊசியின் வழியாக ஒரு வகை பரவியது என்பது வெவ்வேறு. எகிப்தில் நத்தை வழிப் பரவும் ஒட்டுண்ணி நோயை ஒழிக்க 1950களிலிருந்து 1980களின் தொடக்கம் வரை அரசே ஊர் ஊராக ஆன்டிமனி மருந்தை ஊசியால் ஏற்றியது. சரிவரக் கொதிக்க வைக்கப்படாத கண்ணாடி ஊசிக்குழல்கள் ஒருவரிடமிருந்து மற்றவருக்கு மாறின. நான்காம் வகை அந்நாட்டின் பெருநோயாயிற்று. நன்மை கருதிச் செய்த காரியம் இத்தனை பெருந்தீங்காய் முடிந்த வேறு நிகழ்ச்சியை மருத்துவ வரலாற்றில் எளிதில் காட்ட முடியாது. ஜப்பானிலும் தென் ஐரோப்பாவிலும் 1பி வகை முந்தைய தலைமுறையினரிடம் மிகுந்திருப்பது இரத்தமேற்றலையும் மருத்துவமனை ஊசிகளையும் ஒட்டியது. மேலைநாட்டு நகரங்களில் 1ஏ, 3ஏ ஆகிய வகைகள் போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்வோரிடையே பரவியவை. ஆகவே மரபணு வகை என்பது ஆபத்தின் காரணம் அன்று; கடந்து வந்த வழியின் தடயமே.

இந்தியாவில் மூன்றாம் வகை முதன்மையானது. தென்னாட்டில் முதல் வகையும் கணிசமாக உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி ஆய்வகத்தில் பல்லாண்டுகளாக வகைப்படுத்தப்பட்ட மாதிரிகளிலும் மூன்றாம் வகையே முதலிடம் பெறுகிறது; அடுத்து முதல் வகை; பின்னர்ச் சிறு அளவில் நான்காம், ஆறாம் வகைகள். இக்கணக்கைப் படிப்போர் ஒன்றை மறத்தலாகாது. 1900இல் ஐடா ஸ்கடர் தொடங்கிய அம்மருத்துவமனையின் வாயிலில் வங்காளியும் இந்தியும் அசாமியும் தமிழுக்கு நிகராகக் காதில் விழும். நோயாளிகளில் பலர் கிழக்கிந்தியாவிலிருந்தும் வடகிழக்கு மாநிலங்களிலிருந்தும் ரயிலேறி வருபவர்கள். தென்கிழக்காசியாவுக்கும் மியான்மரை அடுத்த நிலப்பகுதிக்கும் உரிய ஆறாம் வகை வேலூர் ஆய்வகத்தில் தென்படுவதற்கு வேலூர் ஓடும் பாலாற்றின் கரையில் காரணம் தேட வேண்டியதில்லை.

இங்குத் தோல் தொழிலைப் பற்றிய ஓர் அச்சத்தை நீக்குவது தகும். நாட்றம்பள்ளி, வாணியம்பாடி, ஆம்பூர், பேரணாம்பட்டு என வேலூரை அடுத்து நீளும் தோல் தொழில் வட்டாரத்தில், பச்சைத் தோலைக் கையாள்வதாலும் சுண்ணாம்பு, குரோமியம் கலந்த நீரில் நிற்பதாலும் காமாலை வரும் என்று எண்ணுவோர் உளர். தோல் புண்ணும் மூச்சுத் தொல்லையும் அத்தொழிலால் வருவன. ஹெபடைடிஸ் சி அவ்வாறு வருவதன்று. இவ்வைரஸ் இயற்கையில் மனிதனையே இருப்பிடமாகக் கொண்டது. மாட்டுத் தோலிலும் ஆட்டுத் தோலிலும் அதற்கு இடமில்லை. தோலின் உட்புறச் சதையை வழிக்கும் கத்தியோ ஷூ கம்பெனியின் தையல் எந்திர ஊசியோ கையைக் கிழித்தால், காயத்தைவிட அதற்குப் பிறகு நடக்கும் வைத்தியமே கவனிக்கத் தக்கது.

ஒரு தலைமுறைக்கு முன் சிற்றூர்க் கிளினிக்கின் மேசையில் எவர்சில்வர் டப்பா ஒன்று மண்ணெண்ணெய் அடுப்பின் மேல் கொதித்துக்கொண்டிருக்கும். இரண்டு கண்ணாடி ஊசிக்குழல்களும் ஐந்தாறு ஊசிகளும் அதற்குள் கிடக்கும். கூட்டம் மிகுந்த மாலைகளில் டப்பாவைக் கொதிக்க விடுவதற்கும் பொழுதிராது. காய்ச்சலோ உடல்வலியோ, ஊசி போட்டால்தான் கேட்கும் என்ற நம்பிக்கை வைத்தியரையும் நோயாளியையும் ஒருசேர ஆட்டி வைத்தது. பிளாஸ்டிக் ஊசிக்குழல் வந்த பின்னும் தீங்கு முற்றும் ஒழியவில்லை. ஊசிமுனையை மட்டும் மாற்றிக் குழலை வைத்துக்கொள்வதும், பயன்படுத்திய ஊசியையே பலருக்குரிய மருந்துக் குப்பிக்குள் மீண்டும் செலுத்துவதும் அதே வேலையைச் செய்யும். குழலுக்குள் எஞ்சும் துளி இரத்தத்தில் இவ்வைரஸ் வாரக்கணக்கில் உயிர்ப்புடன் இருக்க வல்லது. 2000களின் முற்பகுதியில் இந்தியா முழுவதும் நடந்த ஓர் ஆய்வு, போடப்படும் ஊசிகளில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு பாதுகாப்பற்றவை என்று கண்டது.

பிற வழிகளும் உள்ளன. கொடை இரத்தத்தில் இந்நோய்க்கான சோதனை நம் நாட்டில் 2001ஐ ஒட்டித்தான் கட்டாயமாயிற்று. அதற்கு முன் இரத்தம் பெற்றோர், அடிக்கடி இரத்தமேற்ற வேண்டிய தலசீமியா நோயாளிகள், டயாலிசிஸ் செய்துகொள்வோர் ஆகியோருக்கு வாய்ப்பு மிகுதி. சென்னையில் போதை மருந்தை ஊசியால் ஏற்றிக்கொள்வோரிடையே இத்தொற்று பிறரைவிடப் பன்மடங்கு காணப்பட்டது. பலருக்குப் பயன்பட்ட சவரக் கத்தியும், திருவிழாக் கடையில் ஊசி மாற்றாமல் பச்சை குத்துவதும் ஐயத்திற்குரியவையே. தாயிடமிருந்து சிசுவுக்கு நூற்றில் ஐந்தாறு பேருக்குச் செல்லலாம். தாய்ப்பாலாலோ ஒரே தட்டில் உண்பதாலோ பரவாது.

வகையை அறிவதன் பயன் மருத்துவத்தில் முன்பு மிகப் பெரிது. இன்டர்ஃபெரான் ஊசிக் காலத்தில் முதல் வகைக்கு 48 வாரமும் மூன்றாம் வகைக்கு 24 வாரமும் சிகிச்சை தேவைப்பட்டது. சோஃபோஸ்புவிர் முதலிய மாத்திரைகள் வந்தபின், எல்லா வகைக்கும் ஒரே கூட்டு மருந்து பெரும்பாலோர்க்கு 12 வாரத்தில் நோயை முற்றும் நீக்குகிறது. 2013இன் இறுதியில் அமெரிக்காவில் 84,000 டாலருக்கு விற்ற சோஃபோஸ்புவிர், இந்திய நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்தபின் அதன் சிறு பங்கு விலைக்கு இறங்கிற்று. ஆனால் மூன்றாம் வகையை எளியது எனக் கருதுவது தவறு. கல்லீரலில் கொழுப்பைத் தானே சேர்ப்பதும், கல்லீரல் சுருக்க நோய்க்கு விரைந்து இட்டுச் செல்வதும் அவ்வகையின் இயல்பு. நம் மக்களிடம் மிகுந்திருப்பதும் அதுவே.

காமாலைக்கு மருந்தென நம்பப்படும் கீழாநெல்லியைப் பற்றியும் ஒரு சொல். சென்னையில் தியாகராஜன் குழுவினர், ஹெபடைடிஸ் பி வைரஸைக் கண்டறிந்த பரூக் புளூம்பெர்க்குடன் இணைந்து கீழாநெல்லி ஹெபடைடிஸ் பி தொற்றை நீக்க வல்லது என்று 1988இல் வெளியிட்ட ஆய்வு உலகின் கவனத்தை ஈர்த்தது. பிற்கால ஆய்வுகள் அம்முடிவை உறுதி செய்யவில்லை. அவ்வாய்வும் ஹெபடைடிஸ் பி பற்றியதே. ஹெபடைடிஸ் சி நோய்க்குக் கீழாநெல்லியை நம்பிக் காலம் கடத்துவதற்கு ஆதாரமே இல்லை.

தொற்றியவர்களில் பெரும்பாலோர்க்குப் பல்லாண்டுகள் எவ்வித அறிகுறியும் தோன்றுவதில்லை. கண் மஞ்சளாகும்வரை காத்திருப்பவர் கல்லீரலில் பாதியை இழந்திருக்கக்கூடும். குணமான பின்னும் நோய் எதிர்ப்பு நிலைப்பதில்லை. வேறு வகையோ அதே வகையோ மீண்டும் தொற்றலாம். தடுப்பூசியும் இன்றுவரை இல்லை. 2018 ஜூலை 28இல் தொடங்கிய தேசியத் திட்டத்தின்கீழ் இயங்கும் அரசு மையங்களில் சோதனையும் மாத்திரையும் இலவசம். 2001க்கு முன் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களும், பழைய கண்ணாடி ஊசியில் அடிக்கடி மருந்து ஏற்றிக்கொண்டவர்களும் ஒருமுறையேனும் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும்.