காஞ்சிபுரத்துக்கு 99 எழுத்து

காஞ்சிபுரத்துல சித்தப்பாவுக்கு பட்டுப்புடவை வியாபாரம். புடவை விவரங்களைத் தரவுத்தளத்துல ஏத்தி, ஒவ்வொண்ணுக்கும் தானா சுட்டி வர்ற மாதிரி ஒரு தளம் செஞ்சு கொடுத்தேன். ரெண்டே நாள்ல போன்.

"டேய், 'மயில் & அன்னபட்சி'யை அமுக்குனா வெறும் 'மயில்' புடவை வருதுடா. கல்யாணத்துக்குக் கேட்ட பார்ட்டி, இது இல்லையேன்னு வேற கடைக்குப் போயிட்டாங்க."

தப்பு என்னோடதுதான். சுட்டிக்குள்ள & வந்தா 'அடுத்த விவரம் ஆரம்பம்'னு அர்த்தம். அதனால அன்னபட்சி கழண்டு விழுந்துடுச்சு. அந்த & குறியை %26னு மாத்திப் போட்டிருக்கணும்.

இந்த % எங்கேர்ந்து வந்தது? டிம் பெர்னர்ஸ்-லீயும் இன்னும் இரண்டு பேரும் 1994 டிசம்பரில் எழுதிய ஆர்.எஃப்.சி. 1738 என்ற ஆவணத்தில் இந்த விதி இருக்கு. சுட்டியில் ஆங்கில எழுத்து, எண், சில குறிகள் மட்டும்தான் நேரடியா வரலாம். மத்த ஒவ்வொரு பைட்டையும் % போட்டு, பின்னாடி இரண்டு குறிகளா எழுதணும். ஆனா எந்தக் குறியாக்கத்தின் பைட்டுன்னு அதுல சொல்லலை. நம்மகிட்டயோ திஸ்கி, டாப், டாம்னு ஆளுக்கொரு முறை. யூனிகோடில் 1991லேயே தமிழுக்கு இடம் கிடைச்சும், ரொம்ப நாள் இந்தக் கூத்துதான். ஒரே பேர், முறைக்கு முறை வேற சுட்டி.

2005 ஜனவரியில் வந்த ஆர்.எஃப்.சி. 3986, புதுசா வர்ற முறைகள் யூ.டி.எஃப்-8 பைட்டுகளைத்தான் எடுத்துக்கணும்னு சொல்லிச்சு. அதே மாசம் வந்த 3987, தமிழ் மாதிரி எழுத்துகளை அப்படியே சுட்டியில் எழுதவும் வழி விட்டது. ஆனா உள்ளே % தான் ஓடுது. யூ.டி.எஃப்-8இல் ஒரு தமிழ்க் குறிக்கு 3 பைட்டு, ஒரு பைட்டுக்கு 3 எழுத்து. 'காஞ்சிபுரம்' என்பதில் கால், கொம்பு, புள்ளி எல்லாம் சேர்த்து 11 குறி. ஆக மொத்தம் 99 எழுத்து! தமிழ் விக்கிப்பீடியா சுட்டியை மெயிலில் ஒட்டினா அனுமார் வால் மாதிரி நீள்றது இதனாலதான்.

& பிரச்சினையைத் தீர்த்ததும் அடுத்த போன். 'கோபுரம்' பார்டர் புடவையைக் காணோமாம்! பழைய எழுத்துருவில் இருந்த பட்டியலை மாத்தினப்போ, 'கோ'வில் இருக்கும் ஓகாரம் ஒரே குறியா வராம, இரட்டைக் கொம்பு, கால்னு இரண்டா வந்திருந்தது. கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது. சுட்டியில் ஒண்ணு 63 எழுத்து, இன்னொண்ணு 72. இரண்டும் சமம்னுதான் யூனிகோடு சொல்லுது. ஆனா % போடுற நிரலுக்கு அது தெரியாதே. தரவுத்தளத்தில் ஏத்தும்போதே ஒரே வடிவத்துக்குக் கொண்டு வந்துடணும்.

இன்னொண்ணு: சுட்டி உருவாகிற இடத்தில் ஒரே ஒரு தடவைதான் மாத்தணும். இரண்டு தடவை செஞ்சா %26 என்பது %2526 ஆகிடும்.

சித்தப்பாகிட்ட இதையெல்லாம் விளக்கினேன். "கோர்வைப் புடவை மாதிரின்னு சொல்லு. உடலும் கரையும் சேர்ற இடத்துல கவனம் போச்சுன்னா புடவையே போச்சு"ன்னார். நான் ஒரு மணி நேரம் சொன்னதை ஒரே வரியில முடிச்சுட்டார் மனுஷன் :-)

போன பார்ட்டி திரும்பி வரலை. உங்க தளத்துல 'கோ' ஒழுங்கா இருக்கான்னு ஒரு தடவை பார்த்துடுங்க மக்களே.