ஈர்வாளும் ஈட்டி மரமும்

தச்சுத்தொழிற் கருவிகளுள் உளிக்கும் இழைப்புளிக்கும் உள்ள புகழ் ஈர்வாளுக்கு இல்லை. எனினும், ஒரு மரத்தில் எத்துணைப் பங்கு பயன்படும், எத்துணைப் பங்கு வீணே தூளாகும் என்பதை முடிவு செய்வது ஈர்வாளே. ஆதலின் அதன் சரித்திரத்தை நம் சங்கத்து அன்பர்களும் அவர்தம் மக்களும் அறிதல் நன்று.

பலகையைக் குறுக்கே துணித்தல் எளிது. அகன்ற பலகையை நிமிர்த்தி நிறுத்தி, அதன் கனத்தைப் பிளந்து மெல்லிய தகடுகளாக எடுத்தலோ அரிது. கித்தார் என்னும் மேனாட்டு நரம்பு வாத்தியத்திற்கு இவ்வேலை இன்றியமையாதது. ஒரே பலகையை இரு தகடுகளாகப் பிளந்து, புத்தகத்தை விரித்தாற்போல அருகருகே வைத்து ஒட்டினால், மரத்தின் ரேகைகள் இருபுறமும் ஒத்து நிற்கும். அதுவே அவ்வாத்தியத்தின் முதுகு. இழைத்து முடித்தபின் அதன் கனம் 2 அல்லது 3 மில்லிமீட்டரே.

முற்காலத்து ஐரோப்பாவில் இவ்வறுப்பைக் குழியில் ஒருவரும் மேலே ஒருவருமாக நின்று இழுவாளால் செய்தனர். 1768-ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரின் லைம்ஹவுஸ் பகுதியில் சார்லஸ் டிங்க்ளி என்பவர் காற்றாடியால் இயங்கும் மர அறுப்பாலை ஒன்றை நிறுவியிருந்தார். தம் வயிற்றுக்கு வழி போயிற்றென்று அஞ்சிய அறுப்புத் தொழிலாளர் மே மாதம் 10-ஆம் நாள் திரண்டு சென்று அதனை இடித்துவிட்டனர். அவர்தம் துயர் மெய்யே; ஆயினும் யந்திரம் நின்றுவிடவில்லை.

1809-ஆம் ஆண்டளவில் வில்லியம் நியூபெரி என்னும் ஆங்கிலேயர், இரு சக்கரங்களின்மேல் ஓயாது சுழலும் முடிவற்ற எஃகுப்பட்டை வாளுக்கு உரிமை பெற்றார். கருத்து சிறந்ததே, பட்டையின் இரு முனைகளையும் இணைத்த இடமோ மீண்டும் மீண்டும் அற்றுப்போயிற்று. அதனால் அவ்யந்திரம் நெடுங்காலம் பயன்படாதிருந்தது. அக்குறையை நீக்கும் வழி கண்டவர் பிரெஞ்சு தேசத்து மாதரசியாகிய ஆன் போலின் கிரெபின் என்பார். பட்டையின் முனைகளைப் பற்றவைக்கும் முறைக்கு அவர் 1846-இல் உரிமை பெற்றார். பின்னர்ப் பாரிஸ் நகரத்துப் பெரின் என்பவரின் தொழிற்சாலை அவ்வுரிமையை வாங்கி, நல்லெஃகும் பதமிடலும் சேர்த்து, உறுதியான பட்டை இரம்பத்தை உலகிற்கு அளித்தது.

இதனால் விளைந்த பயன் யாது? கணக்கிட்டுக் காண்போம். 25 மில்லிமீட்டர் கனமுள்ள பலகையில் 4 மில்லிமீட்டர்த் தகடுகள் எடுக்கவேண்டும் என்க. வாளின் தடம் 4 மில்லிமீட்டர் ஆயின் மூன்று தகடுகளே கிடைக்கும். பட்டை இரம்பத்தின் தடம் 1 மில்லிமீட்டர் ஆயின் ஐந்து தகடுகள் கிடைக்கும். ஆனால் பலகை நன்கு உலர்ந்திருத்தல் வேண்டும். ஒரு முகமும் ஓர் ஓரமும் நேராக இழைக்கப்பட்டிருத்தல் வேண்டும். பட்டை முறுக்காக இழுத்துப் பூட்டப்பட்டு, கூரிய பற்கள் விரல்கடைக்குச் சிலவாக அமைதல் வேண்டும். பல் நெருங்கினால் இடையில் தூள் அடைத்து, வாள் சூடேறி வழி விலகும். அவசரப்பட்டுத் தள்ளுவோன் பலகையை இழப்பான்.

இனி, இத்தொழிலுக்குரியவர் யார் என்ற வழக்கும் ஒன்றுண்டு. ஸாக்ஸனி நாட்டு மார்க்நாய்கிர்ச்சென் நகரில் வயலின் செய்வோர் சங்கத்தார், கித்தார் செய்யும் உரிமை தமக்கே உண்டு, பெட்டி பேழை செய்யும் தச்சர்க்கு இல்லை என்று 1826-இல் வழக்குத் தொடுத்தனர். முடிவில் தச்சர் பக்கமே தீர்ப்பாயிற்று. எனினும் அத்தச்சர் குடியிற் பிறந்த கிறிஸ்தியான் பிரெடரிக் மார்ட்டின் 1833-இல் அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்தார். பின்னர்ப் பென்ஸில்வேனியாவின் நாஸரத்து ஊரில் அவர் பெயரால் வளர்ந்த கித்தார்த் தொழிற்சாலை உலகப்புகழ் பெற்றது. வேலி கட்டியவர் ஊர் ஒரு நல்ல தொழிலாளியை இழந்தது.

அத்தொழிற்சாலை நெடுங்காலம் பிரேஸில் தேசத்து நூக்க மரத்தை விரும்பிக் கையாண்டது. 1960-களின் இறுதியில் அம்மரத்தை முழுமரமாக ஏற்றுமதி செய்தல் தடைப்பட்டது. 1969 முதல் அவ்விடத்தில் வந்து அமர்ந்தது நம் தென்னாட்டு மலைகளின் ஈட்டி மரமே. பிரேஸில் மரத்தின் வாணிபத்தை 1992-இல் சர்வதேச உடன்படிக்கை முற்றும் ஒடுக்கியது. ஈட்டி மரத்தைக் காக்கத் தமிழ்நாட்டிலும் 1994-இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது.

மூன்று தகடு கிடைத்த பலகையில் ஐந்து தகடு எடுத்தோம்; ஆயினும் மரம் மிஞ்சவில்லை. ஏன்? சிக்கனத்தால் விளைந்த மிச்சத்தை மரத்துக்கு விடாது, மேலும் மேலும் பண்டம் செய்வதற்கே ஆக்கினோம். தூளைக் குறைத்தல் கருவியின் திறம். ஆசையைக் குறைத்தல் மனிதன் திறம் அன்றோ?

ஆதலின் நம் இளைஞர் புதுக் கருவியை அஞ்சி இடிக்கவும் வேண்டா. கற்க வருவோர்க்கு வேலி கட்டவும் வேண்டா. வாளைப் பிடிக்கும்போது, நூறாண்டு நின்ற மரம் நம் மேசைமேற் கிடக்கிறது என்னும் நினைவு ஒன்றிருப்பின் போதும்; கை தானே நிதானப்படும்.