இரும்பில் ஓர் இடைச்செருகல்

லண்டன் கோபுரக் கோட்டையில் 19ஆம் நூற்றாண்டின் தொடக்கம்வரை ஒரு காட்சி இருந்தது. 'மன்னர் வரிசை' என்று அதற்குப் பெயர். மரக்குதிரைகளின் மீது, கவசம் பூட்டிய மர உருவங்களாக இங்கிலாந்தின் அரசர்கள் அணிவகுத்து நிற்பார்கள். 1087இல் இறந்த முதலாம் வில்லியமும் அவ்வரிசையில் இருந்தார். அவருக்கு அணிவித்திருந்த கவசமோ அவர் மறைந்து பல நூற்றாண்டுகள் கழித்துச் செய்யப்பட்டது. காணவந்த மக்கள் அதைப் பற்றிக் கவலைப்படவில்லை. அவர்கள் கேட்டது கதை. அவர்களுக்குக் கிடைத்ததும் கதை.

இந்தக் கதையைக் கலைத்தவர் ஒரு வழக்கறிஞர். சாமுவேல் ரஷ் மெய்ரிக் (1783–1848) தம் செல்வத்தைக் கொண்டு கவசங்களையும் படைக்கலங்களையும் வாங்கிக் குவித்தவர். அவற்றை ஓவியங்களோடும் கல்லறைச் சிற்பங்களோடும் ஆவணங்களோடும் ஒப்பிட்டு, எந்த வடிவம் எந்தக் காலத்தது என்று வரிசைப்படுத்தி, 1824இல் மூன்று தொகுதிகளாக நூல் வெளியிட்டார். அதன் பயனாக, கோபுரக் கோட்டையின் சேகரிப்பைக் காலமுறைப்படி திருத்தி அமைக்கும் பணி 1826இல் அவரிடம் வந்தது. பிரிட்டனில் ஆயுதச் சேகரிப்பு என்னும் பொழுதுபோக்கு ஓர் ஆய்வுத்துறையாக முகம் மாறியது ஏறத்தாழ அப்போதுதான். அவர் மறைந்த பிறகு அவருடைய சேகரிப்பை விலைக்கு வாங்க அரசு முன்வரவில்லை. 1871இல் அதன் சிறந்த பகுதி ரிச்சர்ட் வாலஸ் கைக்குச் சென்றது. இன்று லண்டனிலுள்ள வாலஸ் சேகரிப்பில் அதைக் காணலாம்.

தமிழ் படித்தவர்களுக்கு மெய்ரிக் செய்த வேலை அந்நியமானதன்று. ஏட்டுச் சுவடிகளை ஒப்பிட்டு, பாடபேதம் குறித்து, இடைச்செருகலை விலக்கி நூலுக்கு மூலவடிவம் தேடும் பதிப்பாசிரியனின் வேலைதான் அது. சுவடிக்குப் பதில் இரும்பு, அவ்வளவே வேறுபாடு. பழைய பிரிட்டிஷ் கைத்துப்பாக்கிகளையும் வாள்களையும் சேகரிப்போர் உலகை இந்தக் கண்ணோடு பார்த்தால், அங்கே நடப்பது வெறும் வாங்கலும் விற்றலும் அன்று என்பது விளங்கும். படிக்கத் தெரிந்தவனுக்கும் படிக்கத் தெரியாதவனுக்கும் இடையே ஓயாது நடக்கும் ஒரு வழக்கு அது.

ஒரு கைத்துப்பாக்கியை எடுத்துக்கொள்வோம். அதன் குழலின் அடிப்பகுதியில் கிரீடம் பொறித்த சிறு முத்திரைகள் இருக்கும். 1637இல் அரச சாசனம் பெற்ற லண்டன் துப்பாக்கிக் கம்மியர் சங்கம், நகரில் செய்யப்பட்ட குழல்களைச் சோதித்து முத்திரையிட்டது. சோதனை எளிது, ஆனால் கடுமையானது. வழக்கமான அளவைவிட மிகுதியாக மருந்து கெட்டித்துச் சுடுவார்கள். வெடித்துச் சிதறாமல் தாங்கிய குழலுக்கே முத்திரை. பர்மிங்ஹாம் நகரில் இத்தகைய சோதனைச்சாலை நாடாளுமன்றச் சட்டத்தின்வழி 1813இல்தான் ஏற்பட்டது. ஆகவே பர்மிங்ஹாம் சோதனைச்சாலையின் முத்திரை தாங்கிய ஒரு துப்பாக்கியை 1790ஆம் ஆண்டினது என்று எவரேனும் விற்க வந்தால், ஒன்று முத்திரை பின்னர் இட்டதாக இருக்க வேண்டும். அல்லது சொல்லும் ஆண்டு பொய்.

அடுத்து விசைத்தகடு. படைக்கெனச் செய்த துப்பாக்கிகளின் விசைத்தகட்டில் 1764வரை, செய்து கொடுத்த ஒப்பந்தக்காரரின் பெயரும் ஆண்டும் பொறிக்கப்பட்டன. அவ்வாண்டோடு அந்த வழக்கம் நின்றது. பிறகு வந்தவற்றில் கிரீடமும் மன்னர் ஜார்ஜின் பெயரெழுத்துகளும் 'டவர்' என்ற சொல்லும் மட்டுமே. அகன்ற அம்புமுனைக் குறி இருந்தால் அது அரசாங்கச் சொத்து. இதயவடிவத்தை நான்காகப் பகுத்து எழுத்துகள் பொறித்திருந்தால் அது கிழக்கிந்தியக் கம்பெனியின் உடைமை. 1794இல் சென்னை மாகாணப் புழக்கத்துக்கு இங்கிலாந்தில் அச்சடித்து அனுப்பிய செப்புக்காசிலும் இதே இதயக் குறி உண்டு. வணிகப் பொதியில் இட்ட குறியே காசிலும் துப்பாக்கியிலும் ஏறியது என்பது, கம்பெனி எத்தகைய அரசாக இருந்தது என்பதைச் சுருங்கச் சொல்லிவிடுகிறது. 1808இல் படைக்கலங்களில் இதயம் மறைந்து, கிரீடம் ஏந்தி நிற்கும் சிங்கம் வந்தது.

வாள்களும் இவ்வாறே பேசும். 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கில வாள்களுக்கு நற்பெயர் இல்லை. ஜெர்மனியின் சோலிங்கன் நகர வாள்களையே படைகள் விரும்பின. பர்மிங்ஹாமைச் சேர்ந்த தாமஸ் கில் என்பவர் இதை மறுத்து, தம் வாள்களை வெளிப்படையாகச் சோதித்துப் பார்க்கும்படி வற்புறுத்தினார். 1786இல் கிழக்கிந்தியக் கம்பெனி குதிரைப்படைக்குப் பெருந்தொகையாக வாள் வாங்க முற்பட்டபோது அதற்கு வாய்ப்பு வந்தது. வாளை வளைத்துப் பார்க்கும் சோதனையில் கில் அனுப்பிய 2,650 வாள்களில் தள்ளப்பட்டவை 4. ஜெர்மனியிலிருந்து வந்த 1,400இல் தள்ளப்பட்டவை 28. பிற ஆங்கிலக் கம்மியர்களின் வாள்கள் ஆயிரத்துக்கும் மேல் தள்ளப்பட்டன. அதன்பின் தம் வாள்களில் அவை தவறாதவை என்று உறுதிகூறும் வாசகத்தைப் பொறிப்பதைக் கில் பெருமையாகக் கொண்டார். இன்று அந்த வாசகம் மங்காமல் உள்ள ஒரு வாளைக் காண்பவர், கம்பெனியின் தேவைக்கும் பர்மிங்ஹாம் தொழிலுக்கும் இடையிலான உறவையே காண்கிறார்.

1796ஆம் ஆண்டு மாதிரி என்று சேகரிப்போர் அழைக்கும் வளைவாள் ஜான் காஸ்பர்ட் லெ மர்ஷான் என்ற குதிரைப்படை அதிகாரியின் வடிவமைப்பு. அவர் 1812இல் ஸ்பெயினில் சலமாங்கா போரில் இறந்தார். இவ்வாள்கள் படைக்கலக் கொட்டிலில் மழுங்கலாகவே இருக்கும். போருக்குப் புறப்படும்போதுதான் சாணை பிடிப்பார்கள். ஆகவே ஒரு வாளின் விளிம்பில் பழைய சாணைத்தடம் இருப்பது அது களத்துக்குப் புறப்பட்டது என்பதற்கு ஒரு சான்று. அந்தத் தடத்தை அழகின்மை என்று கருதித் தேய்த்து நேராக்கினால், அந்த வாளின் வாழ்க்கையில் முக்கியமான வரி அழிந்துபோகும்.

பெயர் பொறித்த வாள்களின் நிலை இன்னும் நுட்பமானது. 1803இல் லாயிட்ஸ் வணிகர்கள் தொடங்கிய நாட்டுப்பற்று நிதி, நெப்போலியன் காலப் போர்களில் துணிவு காட்டிய அதிகாரிகளுக்கு 30, 50, 100 பவுன் மதிப்புள்ள வாள்களை வழங்கியது. நீலமேற்றிய அலகின் மீது பொன் எழுத்துகளில் பெற்றவர் பெயரும் அவர் செய்த செயலும் பொறிக்கப்பட்டன. 1809இல் வாள் வழங்குவதை நிறுத்தி, காயமுற்றோருக்கும் இறந்தோர் குடும்பங்களுக்கும் உதவுவதற்கே நிதியை ஒதுக்கினார்கள். நீலமும் பொன்னும் மிக மெல்லிய பூச்சுகள். கருப்பேறிய வாளைப் பளபளப்பாக்க விரும்பும் ஒருவன் ஒரே மாலையில் அந்தப் பெயரைத் துடைத்தெறிந்துவிட முடியும். லண்டன் வில்கின்சன் நிறுவனமோ 1854 முதல் தன் அலகுகளின் முதுகில் வரிசை எண் இட்டு, வாங்கியவர் விவரத்தைப் பேரேட்டில் எழுதி வைத்தது. 2005இல் அந்த நிறுவனம் வாள் செய்வதை நிறுத்திய பின்னும் பேரேடுகள் பயன்படுகின்றன. அலகின் முதுகில் உள்ள எண் தேய்ந்தால், வாளுக்கும் ஏட்டுக்கும் இடையே உள்ள நூல் அறுந்துவிடுகிறது.

சேகரிப்புலகின் தலையாய சிக்கல் இங்கேதான் தொடங்குகிறது. படைக்கலத்தை அழிப்பது துரு மட்டும் அன்று, ஆசையும்தான்.

கல்விசைத் துப்பாக்கிகளின் கதை இதற்குத் தெளிவான எடுத்துக்காட்டு. சிக்கிமுக்கிக்கல் எஃகுத்தகட்டில் மோதி எழுப்பும் பொறி, வெளியே சிறு கிண்ணியில் உள்ள மருந்தைப் பற்றவைக்கும். அந்தத் தீ ஒரு துளை வழியே குழலுக்குள் ஓடும். ஸ்காட்லாந்தில் பெல்ஹெல்வி ஊரின் மதகுருவான அலெக்சாண்டர் ஃபோர்சைத் பறவை வேட்டையில் நாட்டமுள்ளவர். கிண்ணியில் எழும் ஒளியைக் கண்டதும் பறவைகள் குண்டு வருமுன் தப்பிவிடுவது அவருக்குப் பொறுக்கவில்லை. அடித்தால் வெடிக்கும் வேதிப்பொருளைக் கொண்டு ஒரு விசை அமைத்து 1807இல் காப்புரிமை பெற்றார். அதன் வழிவந்தது 1820களில் பரவிய செம்புக் கேப்பு. நம் பிள்ளைகள் தீபாவளிக்கு வெடிக்கும் பொட்டுவெடியின் மூதாதை. உடனே பலர் தங்கள் பழைய துப்பாக்கிகளைக் கம்மியரிடம் கொடுத்து, கிண்ணியையும் தகட்டையும் கழற்றிவிட்டுக் கேப்பு முறைக்கு மாற்றிக்கொண்டார்கள். தந்தையின் துப்பாக்கியைத் தூக்கி எறியாமல் புதுக்காலத்துக்குப் பழக்கிய சிக்கனம் அது.

ஆனால் 20ஆம் நூற்றாண்டின் சேகரிப்போர் கல்விசையையே பெரிதும் விரும்பினார்கள். அதற்கே விலை கூடியது. எனவே, மாற்றப்பட்ட துப்பாக்கிகள் மீண்டும் பின்னோக்கி மாற்றப்பட்டன. புதிதாக வார்த்த கிண்ணி, புதிதாக அறுத்த திருகாணி, அடைத்த துளை, அமிலத்தால் ஏற்றிய பழுப்பு நிறம் என எல்லாம் சேர்ந்து 'மூலவடிவம்' திரும்பிவிட்டதாகத் தோற்றம் தரும். உண்மையில் திரும்பியது எதுவும் இல்லை. 1780இல் செய்து 1830இல் மாற்றிய ஒரு பொருளின் ஐம்பதாண்டு வரலாறு அழிக்கப்பட்டு, எந்தக் காலத்துக்கும் உரியதல்லாத ஒன்று பிறந்திருக்கிறது. பிற்காலத்துச் சொல்லை எடுத்துவிட்டுப் பழஞ்சொல் போன்ற ஒன்றைத் தானே புனைந்து வைக்கும் பதிப்பாசிரியனை நாம் என்ன சொல்வோம்? அவனும் நூலின் மீது அன்பு கொண்டவன்தான். அன்பு அவனைக் காப்பாற்றாது.

இது புதிய நோயும் அன்று. ஜெர்மனியின் பாஸாவ் நகரத்து வாள்கம்மியரின் ஓடும் ஓநாய்க் குறியைச் சோலிங்கன் கம்மியர் எடுத்தாண்டனர். 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவர்களுள் சிலர் இங்கிலாந்தின் ஷாட்லி பிரிட்ஜ் ஊரில் குடியேறியபோது ஓநாயும் உடன் வந்தது. ஆயினும் ஒரு வேறுபாடு உண்டு. அந்தப் போலிக்குறிக்கே இன்று முந்நூறு வயதாகிவிட்டது. அது அக்கால வணிகத்தின் உண்மையான சான்றாகிவிட்டது. நேற்று செய்த கிண்ணிக்கு அந்தப் பெருமை கிடையாது.

ஆண்டை அறிவது அறிஞரின் ஆர்வம் மட்டும் என்று எண்ண வேண்டாம். சட்டமும் அதையே கேட்கிறது. 1996இல் ஸ்காட்லாந்தின் டன்பிளேன் பள்ளியில் 16 குழந்தைகளும் ஓர் ஆசிரியையும் சுட்டுக் கொல்லப்பட்ட பிறகு, 1997இல் பிரிட்டன் கைத்துப்பாக்கிகளை ஏறக்குறைய முற்றிலும் தடை செய்தது. அரும்பொருளாகவோ அலங்காரப் பொருளாகவோ வைத்திருக்கும் பழந்துப்பாக்கிகளுக்கு மட்டும் 1968ஆம் ஆண்டுச் சட்டத்தின் விலக்கு தொடர்ந்தது. 'பழமை' எது என்பதைச் சட்டம் வரையறுத்தது 2021இல்தான்: 1939 செப்டம்பர் 1க்கு முன் செய்ததாக இருக்க வேண்டும், பற்றவைக்கும் முறையோ தோட்டாவோ வழக்கொழிந்ததாக இருக்க வேண்டும். 50 சென்டிமீட்டருக்கு மேல் அலகுள்ள வளைவாள்களின் விற்பனை 2008இல் தடைசெய்யப்பட்டபோது, 1954க்கு முற்பட்டவை விலக்குப் பெற்றன. இந்தியாவிலும் 1959ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம், பழுது பார்த்தாலும் சுட இயலாத பழந்துப்பாக்கிகளுக்கு விலக்கு அளிக்கிறது. ஆக, ஓர் ஆயுதத்துக்கும் ஓர் ஆவணத்துக்கும் இடையே உள்ள கோட்டைக் காலம்தான் கிழிக்கிறது.

கொல்வதற்காகச் செய்த பொருளை ஏன் போற்ற வேண்டும் என்ற கேள்வி நேர்மையானது. போற்ற வேண்டியதில்லை, படிக்க வேண்டும் என்பதே அதற்கு விடை. தஞ்சை அரண்மனைப் படைக்கலக் கொட்டிலை நினைத்துப் பாருங்கள். 1855இல் ஆண் வாரிசின்றி மன்னர் சிவாஜி மறைந்து அரசு கம்பெனியின் கைக்குப் போன பிறகு, அங்கிருந்த ஆயுதங்கள் சிதறின. ஒரு பகுதி சென்னை அருங்காட்சியகத்துக்கு வந்தது. மேலும் சில, ஜார்ஜ் கேமரன் ஸ்டோன் என்ற அமெரிக்கச் சேகரிப்பாளரிடம் சென்று, 1935இல் அவருடைய உயில்வழி நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் அருங்காட்சியகத்தை அடைந்தன. அக்கட்டாரிகள் பலவற்றின் கைப்பிடியில் நம் நாட்டு யாளி. அலகோ ஐரோப்பாவில் அடித்தது. எந்தக் கப்பலில் அந்த அலகு வந்தது, யாரிடம் வாங்கியது என்று எந்த நூலும் கூறாத நிலையில், அலகில் எஞ்சிய குறி ஒன்றே வாய்திறக்கிறது.

2003இல் காட்மாண்டுவின் பழைய அரண்மனை ஒன்றில் குவிந்துகிடந்த பல்லாயிரம் பிரிட்டிஷ் துப்பாக்கிகள் அமெரிக்க வணிகர்களுக்கு விற்கப்பட்டன. வாங்குவோர் விருப்பத்துக்கேற்ப அவை இரு வகையாகச் சந்தைக்கு வந்தன: சுத்தம் செய்தவை, பல தலைமுறை அழுக்கோடு, கை படாதவை. கண்ணுக்கு இனியது முதல்வகை. ஆனால் கம்பெனியின் சிங்கத்துக்கு அருகே, பின்னாளில் ஒரு நேபாளப் படைவீரன் இட்ட தேவநாகரி எண் இருந்தால், அதைக் கண்டுகொள்ளும் வாய்ப்பு இரண்டாம் வகையை வாங்கி, எண்ணெயும் துணியுமாகப் பொறுமையோடு உட்காருபவனுக்கே அதிகம். சாணைக்கல்லை எடுக்குமுன் அவன் உருப்பெருக்காடியை எடுக்கிறான்.