ஏட்டுப் புள்ளியும் கோப்பின் எடையும்

மெய்யெழுத்து புள்ளி பெறும் என்று தொல்காப்பியம் விதித்திருந்தும், ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் புள்ளி வைக்கவில்லை. எழுத்தாணி முனை அழுந்தினால் ஏடு பொத்துப்போகும் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். எகர ஒகரங்களின் குறில் நெடில் வேறுபாடும் சுவடிகளில் தெளிவாக இராது. படிப்பவர் தமிழறிந்தவர், இடம் நோக்கிப் பொருள் கொள்வார் என்ற நம்பிக்கையில் விட்டவை இவை. பின்னாளில் சுவடிகளை அச்சேற்ற வந்த உ.வே.சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள், விடுபட்டவற்றைத் தம் புலமையால் இட்டு நிரப்ப வேண்டியிருந்தது. ஆவணத்தில் வைக்கும் படத்தைச் சுருக்கிக் கோப்பின் எடையைக் குறைக்கும் இன்றைய வேலைக்கும் அடிப்படை இதே கேள்விதான்: எதை விடலாம்? விடையைச் சொல்ல வேண்டியது மென்பொருள் அல்ல, ஆவணத்தை உருவாக்குபவர் என்பதே இத்துறையின் வரலாறு தரும் பாடம்.

தொலைநகல் காலத்திலிருந்து தொடங்கலாம். 1980-இல் வகுக்கப்பட்ட மூன்றாம் பிரிவு ஃபேக்ஸ் தரத்தில் ஏ4 தாளின் ஒரு வரிக்கு 1,728 பிக்சல். முழுத் தாளுக்குச் சாதாரணத் தரத்தில் ஏறத்தாழ 20 லட்சம். அதை அப்படியே நொடிக்கு 9,600 பிட் வேகத்தில் தொலைபேசிக் கம்பியில் அனுப்பினால் மூன்று நிமிடத்துக்கு மேல் ஆகும். ஆனால் கடிதத் தாளின் பெரும்பகுதி வெறும் வெள்ளை. ஆகவே ‘இத்தனை வெள்ளை, அடுத்து இத்தனை கறுப்பு’ என்று எண்ணிக்கையை மட்டும் அனுப்பினார்கள். அடிக்கடி வருவதற்குக் குட்டைக் குறியீடு, அரிதாக வருவதற்கு நீண்ட குறியீடு என்ற டேவிட் ஹஃப்மனின் 1952-ஆம் ஆண்டு முறை அதற்குக் கைகொடுத்தது. ஒரு தாள் ஒரு நிமிட அளவில் போய்ச் சேர்ந்தது. தாளின் இயல்பை அறிந்து சுருக்கியதால், இந்தச் சுருக்கத்தில் ஒரு பிக்சல்கூடத் தொலையவில்லை.

புகைப்படத்தில் இந்த வழி செல்லாது. முகத்திலும் வானத்திலும் ஒரே நிறம் தொடர்ச்சியாக வருவதில்லை. நிழல் மெல்ல மெல்ல மாறுகிறது. இதற்குரிய கணிதத்தைத் தந்தவர் பெங்களூரில் பிறந்த நசீர் அகமது. 1972-இல் அமெரிக்கத் தேசிய அறிவியல் அறக்கட்டளையிடம் அவர் நிதி கேட்டபோது கிடைக்கவில்லை. ஆனாலும் நடராஜன், கே.ஆர்.ராவ் ஆகியோருடன் சேர்ந்து 1974-இல் கொசைன் உருமாற்றம் பற்றிய கட்டுரையை வெளியிட்டார். 1992-இல் தரமாக்கப்பட்ட ஜேபெக் என்னும் படச் சுருக்க முறை அதன் மேல் நிற்கிறது. படத்தை எட்டுக்கு எட்டு பிக்சல் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மெதுவான மாற்றங்களைக் காத்து, கண்ணுக்கு எளிதில் புலப்படாத நுண்ணிய மாற்றங்களை அது கழிக்கிறது. முகத்துக்கு இது பொருந்தும். எழுத்துக்குப் பொருந்தாது. கூரிய விளிம்பே எழுத்தின் உயிர். அந்த விளிம்பைத்தான் ஜேபெக் முதலில் கழிக்கிறது. ஸ்கேன் செய்த பக்கங்களில் எழுத்தைச் சுற்றி அழுக்குப்போலப் படரும் மங்கல் அப்படி வந்ததுதான்.

1993-இல் வந்த பிடிஎஃப் கோப்பு ஃபேக்ஸ் முறையையும் ஜேபெக்கையும் ஏற்றுக்கொண்டது. ஒரே ஆவணத்தில் எழுத்துக்கு ஒன்று, படத்துக்கு வேறொன்று என்று தேர்ந்தெடுக்க முடிந்தது. 2001-இல் அதில் ஜேபிக்2 சேர்ந்தது. பக்கத்தில் ஒத்த உருவமுள்ள எழுத்துகளைக் கண்டறிந்து, ஒன்றை மட்டும் சேமித்து, மற்ற இடங்களில் அதையே ஒட்டவும் இம்முறை இடம் தந்தது. 2013-இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியக் கணினி அறிஞர், இம்முறையைப் பயன்படுத்திய ஜெராக்ஸ் இயந்திரத்தில் நகலெடுத்த கட்டட வரைபடத்தில் வெவ்வேறு பரப்புள்ள மூன்று அறைகளும் 14.13 சதுர மீட்டர் என்றே இருப்பதைக் கவனித்தார். ஒரு 6 இருந்த இடத்தில் 8 வந்திருப்பதையும் கண்டார். இயந்திரம் எண்களை மங்கலாக்கவில்லை. ஓர் எண்ணுக்குப் பதிலாக வேறோர் எண்ணைத் தெளிவாக வைத்திருந்தது.

அது மென்பொருள் பிழை, நிறுவனம் திருத்தம் வெளியிட்டதே, முறையைக் குறைகூறலாமா என்று கேட்கலாம். பிழை திருத்தப்பட்டது உண்மை. ஆனால் ஒத்ததை ஒத்ததாலேயே மாற்றும் முறையில், ‘ஒத்தது’ எது என்ற முடிவு இயந்திரத்திடம் போய்விடுகிறது. ஒரு புள்ளியே ‘க’வையும் ‘க்’கையும் பிரிக்கும் தமிழில், சுழி எண்ணிக்கையே ‘ன’வையும் ‘ண’வையும் பிரிக்கும் தமிழில் இந்த ஆபத்து இன்னும் கூடுதல். சேமிப்பிடம் மலிந்த இக்காலத்தில் சுருக்குவதே எதற்கு என்பது இன்னொரு கேள்வி. அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று ஸ்கேன் செய்த ஓர் ஏ4 வண்ணப் பக்கம் சுருக்காமல் இருந்தால் சுமார் 26 மெகாபைட். முந்நூறு பக்க நூல் 7,800 மெகாபைட். கைபேசியில் படிக்க விரும்பும் மாணவருக்கு அந்த நூல் இருந்தும் இல்லாததுதான். ஆகவே சுருக்கத்தான் வேண்டும். எழுத்துப் பக்கத்துக்கு இழப்பில்லாத முறை, புகைப்படத்துக்கு ஜேபெக், இரண்டுக்கும் மூலமாகச் சுருக்காத பிரதி ஒன்று தனியே: இந்த மூன்றையும் கடைப்பிடித்தால் எடையும் குறையும், பாடமும் பிழைக்கும்.

ஓலையில் புள்ளியை விட்டவர்களை நாம் குறைசொல்வதற்கில்லை. அவர்கள் விட்டது விட்டதாகவே தெரிந்தது. அதனால்தான் பதிப்பாசிரியர் நின்று யோசித்தார், பல பிரதிகளை ஒப்பிட்டார், பாடபேதம் குறித்தார். ஜேபெக்கின் மங்கலும் அப்படியே. இங்கே ஏதோ போயிற்று என்று படிப்பவரை எச்சரிக்கிறது. தெளிவாக அச்சானது போல நிற்கும் தவறான எழுத்தை யாரும் சந்தேகிப்பதில்லை. சந்தேகிக்காதவர் ஒப்பிட்டுப் பார்ப்பதும் இல்லை. பழைய தமிழ் நூல்கள் பிடிஎஃப் கோப்புகளாகப் பெருகிவரும் இந்நாளில், பிற்காலப் பதிப்பாசிரியருக்கு நாம் விட்டுச்செல்லும் ஏடு அந்தக் கோப்புதான். அதில் இழப்பு இருந்தாலும், இழப்பென்று அவர் கண்ணுக்குத் தெரியும்படியாவது இருக்க வேண்டும்.