டீசல் எஞ்சினுக்குள் நுழைந்த மின்பழுது

டீசல் லாரியின் வரலாற்றில் எஞ்சின் வேலையும் எலக்ட்ரிக்கல் வேலையும் நெடுங்காலம் இரு வேறு தொழில்களாகவே இருந்தமைக்கு அந்த எஞ்சினின் அமைப்பே காரணம். அழுத்தப்பட்ட காற்றின் வெப்பத்திலேயே டீசல் பற்றிக்கொள்வதால், பெட்ரோல் எஞ்சினுக்கு வேண்டிய ஸ்பார்க் பிளக்கும் காயிலும் இதற்குத் தேவைப்படவில்லை. ஜெர்மனியின் பாஷ் நிறுவனம் 1927-இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த வரிசைப் பம்ப், அதாவது சிலிண்டருக்கு ஒன்றாகச் சிறு உந்துதண்டுகள் ஒரே கூட்டில் அமைந்த பம்ப், எவ்வளவு டீசலை எப்போது செலுத்துவது என்பதைக் கேம் தண்டாலும் கவர்னர் எனப்படும் வேகக் கட்டுப்படுத்தியாலும் மட்டுமே முடிவு செய்தது. ஒருமுறை ஸ்டார்ட் ஆகிவிட்டால் பேட்டரியைக் கழற்றினாலும் அத்தகைய எஞ்சின் ஓடியது. ஆகவே டைனமோ, செல்ப் மோட்டார், விளக்கு ஆகியவை எலக்ட்ரீஷியனிடமும், எஞ்சின் மிஸ் அடித்தால் அது பம்ப், நாசில் வேலை தெரிந்தவரிடமும் சென்றன.

அந்த நாசில் வேலையின் அடிப்படைச் சோதனை மிக எளியது. எஞ்சின் மெதுவாக ஓடிக்கொண்டிருக்கையில் ஒவ்வொரு நாசிலுக்கும் செல்லும் பைப்பின் நட்டை ஸ்பேனரால் சற்றே தளர்த்தினால் அந்தச் சிலிண்டருக்கு டீசல் நிற்கும். நல்ல சிலிண்டராயின் எஞ்சினின் ஓட்டம் உடனே தளரும், முன்பே செயலிழந்த சிலிண்டராயின் சத்தத்தில் மாற்றமே தெரியாது. காதையும் கையையும் தவிர வேறு கருவி வேண்டாத இந்த முறை, கண்டங்களைக் கடந்து எல்லா டீசல் பட்டறைகளிலும் வழங்கியது.

பிரிந்திருந்த இரு தொழில்களையும் ஒன்று சேர்த்தது புகை விதி. அமெரிக்காவில் கனரக டீசல் வண்டிகளின் புகைக்கரி அளவு 1991-இலும் 1994-இலும் படிப்படியாகக் குறைக்கப்பட்டது. அந்த அளவை எட்டும்படி, சூடு, வேகம், சுமை ஆகியவற்றுக்கு ஏற்ப டீசல் பாயும் தருணத்தை நுட்பமாக மாற்ற எடைகளாலும் சுருள்வில்லாலும் இயங்கும் கவர்னருக்கு இயலவில்லை. அமெரிக்க எஞ்சின் நிறுவனமான டெட்ராய்ட் டீசல் 1985-இலேயே மின்னணுக் கட்டுப்பாட்டை அறிமுகம் செய்திருந்தது. மின்காந்த வால்வு திறந்து மூடும் நேரமே டீசலின் அளவு என்றான பின், துருப்பிடித்த ஒரு கனெக்டர் பின்னும் எஞ்சினைத் தடுமாறச் செய்யும் நிலை வந்தது.

இம்மாற்றம் மெக்கானிக்கை எவ்வளவு குழப்பியது என்பதற்கு, நேவிஸ்டார் நிறுவனம் உருவாக்கி 1994-இல் ஃபோர்டு பிக்கப் லாரிகளில் வந்த 7.3 லிட்டர் எஞ்சின் தெளிவான சான்று. அதில் எஞ்சின் ஆயிலின் அழுத்தமே இன்ஜெக்டருக்குள் டீசலை நெருக்கியது. தனியொரு மின்னணுப் பெட்டி சுமார் 110 வோல்ட் அனுப்பி வால்வைத் திறந்தது. இன்ஜெக்டர்களுக்கான வயர் வால்வு மூடியின் கேஸ்கெட் வழியே உள்ளே சென்றதால், ஆயிலிலும் வெப்பத்திலும் அங்குள்ள கனெக்டர் தளர்ந்து சிலிண்டர்கள் விட்டுவிட்டு வேலை செய்தன. வெளியே ஓடிய வயர்க்கட்டோ அதிர்வில் மூடியோடு உரசித் தோல் உரிந்தது. டீசல் தரமும் இன்ஜெக்டரும் குற்றம் சாட்டப்பட்டு, விலை உயர்ந்த பாகங்கள் வீணே மாற்றப்பட்டமைக்கு இந்த உரசலும் ஒரு காரணம். சுவையான செய்தி என்னவெனில், அதற்கு வகுக்கப்பட்ட சோதனையும் செவியையே நம்பியது: எஞ்சினை ஓட்டாமல் சாவியை மட்டும் திருப்பி, கணினி ஒவ்வொரு இன்ஜெக்டரையும் முறையே ரீங்கரிக்கச் செய்ய, ஒலி மாறுபட்ட ஒன்றை மெக்கானிக் கேட்டறிந்தார். ஓடும் எஞ்சினில் ஒவ்வொரு சிலிண்டராக நிறுத்திப் பார்க்கும் பிற்கால ஸ்கேனர் சோதனையும் பழைய ஸ்பேனர் முறையின் மின்னணு வடிவமே.

ஸ்கேனர் காட்டும் பழுது எண் பாகத்தைச் சுட்டுவதில்லை, சுற்றை மட்டுமே சுட்டுகிறது என்பது பட்டறைகள் தாமதமாகக் கற்ற பாடம். பல சென்சார்கள் 5 வோல்ட் மின்சாரத்தைப் பகிர்ந்துகொள்ளும் அமைப்பில் ஒன்று ஷார்ட் ஆனாலும் மற்றவற்றின் மீதும் குற்றம் எழும். ஓம் அளவும் ஏமாற்றும். பல இழைகளில் ஒன்று மட்டும் அறாதிருக்கும் வயர்கூட, மின்னோட்டம் இல்லாதபோது நல்லதாகவே தெரியும். எனவே சுமை ஏற்றிய நிலையில் வயரின் இரு முனைகளுக்கிடையே எத்தனை வோல்ட் இழக்கப்படுகிறது என்று அளப்பதே நம்பத்தக்க வழி. எர்த் வயரின் துருவை இம்முறை எளிதில் காட்டிவிடும். இது பழைய செல்ப் மோட்டார் எலக்ட்ரீஷியனுக்கு முன்பே தெரிந்த வித்தை. பம்ப் மெக்கானிக்குத்தான் புதிது.

இந்தியாவில் இம்மாற்றம் பிந்தியே முழுமை பெற்றது. 2017-இல் பாரத் நிலை 4 என்ற புகை விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபோதும், லாரி நிறுவனமான அசோக் லேலண்ட் வரிசைப் பம்பைக் கைவிடாமல், புகையின் ஒரு பகுதியை மீண்டும் எஞ்சினுக்குள் செலுத்தும் முறையைச் சேர்த்தே விதியை எட்டியது. பழைய பட்டறை அறிவுக்கு அது சில ஆண்டு ஆயுளை நீட்டித்தது எனலாம். 2020 ஏப்ரல் 1 முதல் நிலை 6 வந்ததும் மின்னணுவால் ஆளப்படும் காமன் ரெயில், அதாவது உயரழுத்த டீசலைப் பொதுக்குழாயில் தேக்கி இன்ஜெக்டர்களுக்குப் பகிரும் முறை, புதிய லாரிகளில் பரவலானது. அக்குழாயில் 1600 பாரையும் தாண்டக்கூடிய அழுத்தம் நிற்பதால், ஓடும் எஞ்சினில் நட்டைத் தளர்த்தினால் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உடலுக்குள் புகும். ஆகவே அங்கே ஸ்பேனர் சோதனை கூடாது.