குச்சிப் பாலம்: ஆரியங்காவிலிருந்து குவாய் ஆறு வரை

இந்த எபிசோடை தென்காசியில் என் வீட்டு மாடியில் உட்கார்ந்து பேசுறேன். பின்னால் சடசடன்னு கேட்கிறது சாரல்தான், பொறுத்துக்குங்க. குற்றாலத்தில் சீசன் ஆரம்பிச்சாச்சு.

என் முன்னால் மேஜையில் ஒரு பாலம் இருக்கு. மூங்கில் குச்சியிலும் மரச் சட்டத்திலும் செஞ்ச ரயில் பாலம். மூணு மாசமா கட்டிக்கிட்டு இருக்கேன். சாரல் காலத்தில் ஃபெவிகால் காயறதே இல்லை, அதுதான் பெரிய தொல்லை. அளவு 87-இல் ஒரு பங்கு. மீட்டர் கேஜ் தண்டவாளத்தின் இடைவெளி 1,000 மில்லிமீட்டர். அதை 87-ஆல் வகுத்தால் பதினொன்றரை வரும். கடையில் 12 மில்லிமீட்டர் தண்டவாளம் கிடைக்கிறது, அதை வாங்கிக்கிட்டேன்.

பார்க்க வர்றவங்க எல்லாரும் ஒரே கேள்விதான் கேட்கிறாங்க: "இது நம்ம பதிமூணு கண் பாலமா?" இல்லை. நம்ம பாலம் கல்லு.

செங்கோட்டையிலிருந்து பகவதிபுரம் தாண்டி, குகைக்குள் புகுந்து ஆரியங்காவில் வெளியே வந்தால், கழுதுருட்டி பக்கம் ரோட்டை ஒட்டியே அது நிற்கும். 1904 நவம்பர் 26 அன்று புனலூர் - செங்கோட்டை பாதை திறந்தபோது செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1-ல்தான் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. 2010 செப்டம்பரில் மலைப்பாதையில் மீட்டர் கேஜ் நின்றது. 2018-ல் அகலப்பாதை வந்தது. அதே கல் பாலத்தை வலுப்படுத்தி, அதன் மேல்தான் இன்றைக்கும் ரயில் போகிறது.

சுற்றிலும் காடு இருந்தும் ஏன் மரத்தில் கட்டவில்லை? கருங்கல் கையருகே கிடைத்தது, கொத்தனார்கள் இருந்தார்கள். மரத்துக்குக் கரையானும் மழையும் எமன். அமெரிக்காவில் கணக்கு வேறு. அங்கே மரம் மலிவு, பாதையைச் சீக்கிரம் போட்டு முடிக்க வேண்டிய அவசரம். மரக்கால்களை நட்டு ரயிலை ஓட்டிவிட்டு, பிறகு மண்ணைக் கொட்டி மூடிக்கொள்வார்கள். கலிபோர்னியாவில் சீக்ரெட் டவுன் என்ற இடத்தில் இருந்த நீளமான மரப்பாலத்தை 1877-ல் சீனத் தொழிலாளர்கள் அப்படித்தான் மண்ணால் மூடினார்கள்.

என் மேஜையில் இருப்பது அமெரிக்கப் பாலமும் இல்லை. ஆனால் வடிவம் அங்கிருந்து வந்ததுதான். இரண்டாம் உலகப்போரில் சயாமுக்கும் பர்மாவுக்கும் நடுவே ஜப்பானிய ராணுவம் போட்ட 415 கிலோமீட்டர் பாதையின் பாலம் இது. ஜப்பானியப் பொறியாளர்கள் ஓர் அமெரிக்கக் கட்டுமானக் கையேட்டில் இருந்த வடிவத்தை எடுத்து, அறுநூறுக்கும் மேற்பட்ட பாலங்களில் பெரும்பாலானவற்றை மரத்திலேயே கட்டவைத்தார்கள். அந்தப் பாதையும் மீட்டர் கேஜ். செங்கோட்டை வண்டியின் சக்கரம் அந்தத் தண்டவாளத்திலும் உட்காரும். இந்த விஷயம் தெரிந்த அன்றைக்குத்தான் குச்சி வாங்கப் போனேன்.

நான் மாதிரியாக எடுத்துக்கொண்டது வாம்போ பாலம். குவாய் நொய் ஆற்றோரம் மலைப்பாறையை ஒட்டி வளைந்து போகும். இப்போதும் காஞ்சனபுரியிலிருந்து நாம் தோக் போகிற வண்டி அதன் மேல் ஊர்ந்துதான் போகிறது. முதல் தடவை எல்லாக் கால்களையும் நேராக நட்டேன். விரலால் தொட்டதும் மொத்தமும் ஆடியது. ஓரத்துக் கால்களைச் சாய்த்து, குறுக்கே பெருக்கல் குறி மாதிரி சட்டம் அடித்த பிறகுதான் நின்றது. நாம் கால் அகட்டி நிற்கிற மாதிரிதான்.

நிஜத்தில் அந்தக் கால்களை எப்படி இறக்கினார்கள்? கப்பியில் கயிறு கட்டி, ஒரு பெரிய எடையை ஆட்கள் கூட்டமாக இழுத்து மேலே தூக்குவார்கள். விட்டால் மரத்தின் தலையில் விழும். மரம் கொஞ்சம் இறங்கும். மறுபடி இழுக்கணும். நாள் முழுக்க இதே வேலை.

வாம்போவைக் கட்டியவர்கள் பெரும்பாலும் பிரிட்டிஷ் போர்க்கைதிகள், 1943 தொடக்கத்தில். அந்த ஏப்ரலுக்குப் பிறகு மலாயா ரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழர்களைக் கூட்டங்கூட்டமாகக் கொண்டுவந்தார்கள். ரப்பர் ஏற்றுமதி நின்று போய், தோட்டத்தில் சோற்றுக்கே வழியில்லாத நேரம். நல்ல கூலி, மூணு மாசத்தில் திரும்பிடலாம் என்று ஆசை காட்டினார்கள். ஆள் போதாதபோது வலுக்கட்டாயமாகப் பிடித்து ஏற்றினார்கள். மழைக்காலம், காலரா, மலேரியா. கைதிகளிடம் ராணுவ டாக்டர்கள் இருந்தார்கள், தண்ணியைக் கொதிக்க வைத்துக் குடி என்று சொல்ல அதிகாரிகள் இருந்தார்கள். தோட்டத்துச் சனத்துக்கு யாரும் இல்லை. குடும்பத்தோடு வந்தவர்களும் உண்டு. 1943 அக்டோபரில் தண்டவாளம் இணைந்தது. போர்க்கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தார்கள். தமிழர், பர்மியர், மலாய்க்காரர் என ஆசியத் தொழிலாளர்களில் இறந்தவர்கள் சுமார் 90,000 என்பது மதிப்பீடு. காஞ்சனபுரி ராணுவக் கல்லறையில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கற்கள் வரிசையாக இருக்கு. தோட்டத் தொழிலாளர்களுக்கு அப்படி வரிசை கிடையாது.

இந்தப் பாதையைப் பற்றி உலகமே பார்த்த படம் 1957-ல் வந்தது, குவாய் ஆற்றுப் பாலம். அதன் மரப்பாலத்தைக் கட்டி வெடிவைத்தது சயாமில் இல்லை, இலங்கையில் கித்துல்கல பக்கம், களனி ஆற்றில். எங்க வீட்டுப் பெரியவர்களும் அந்தப் படத்தை ரசித்துச் சொல்லிக் கேட்டிருக்கேன். அதில் ரயில் பாதை போடும் தமிழர்கள் எங்கே என்று அவர்களும் கேட்கவில்லை, நானும் ரொம்ப வருஷம் கேட்கவில்லை.

பாலம் முடிஞ்சாச்சு, ஆட்களை வைக்கிறதுதான் பாக்கி. 87-இல் ஒரு பங்கு என்றால் ஓர் ஆள் இரண்டு சென்டிமீட்டர்தான். வாங்கின பொம்மைகள் எல்லாம் கோட்டும் தொப்பியும் போட்ட வெள்ளைக்கார ரயில் பயணிகள். தொப்பியைச் சீவி எடுத்து, கோட்டைச் சுரண்டி, இடுப்பில் ஒரு துண்டு இருக்கிற மாதிரி பெயிண்ட் அடிச்சுக்கிட்டு இருக்கேன். இதுவரைக்கும் பதினாலு பேர். கயிறு இழுக்கிற ஒரே ஒரு கூட்டத்துக்கே இன்னும் ஆள் வேணும்.